எஸ்எஸ்டியா கார்டா: போடி நண்பனுக்கு ஒரு கடிதம்

மதுரை,
வைகாசி மாதம்

அன்புள்ள மாப்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி ஒரு குறையுமில்லை. சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.காம். சேர்ப்பதா, விஸ்காம் சேர்ப்பதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. விஸ்காம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க மட்டும் கேமராவைத் தூக்கிட்டு அலையலையா?" என்கிறாள். என்ன பதில் சொல்ல?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக லூமிக்ஸ் எஸ்5 டூ எக்ஸ் கேமரா வாங்கியிருக்கிறாய், யுஎஸ்பி வயரைச் சொருகினால் நேரே எஸ்எஸ்டி என்கிற வெளி டிரைவில் ரெக்கார்ட் ஆகிறது, இனி மெமரி கார்டுக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும் என்கிறாய். என்னைக் கேட்டால் கல்யாணத்துக்கு அது வேண்டாம். ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்து எடுக்கிற வேலைக்குத் தாராளமாக வைத்துக்கொள்.

வேகத்துக்காகத்தான் எஸ்எஸ்டி என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. கல்யாணத்துக்கு நாம் வைப்பது 4கே, 25 ஃபிரேம், 10 பிட், விநாடிக்கு 150 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்துப் பார், விநாடிக்கு 19 எம்பிகூட வராது. வி30 என்று போட்ட சாதாரண கார்டே விநாடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும் என்பதுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம். கார்டின் முகத்தில் 170, 200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கிற வேகம், அதைப் பார்த்து மயங்காதே. மூலையில் பொடியாக இருக்கிற 'வி'யைப் பார். நம்ம 150 மெகாபிட்டுக்கு மணிக்கு 67, 68 ஜிபி ஆகும். ஒரு 128 ஜிபி கார்டு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். முகூர்த்தம், மாலை மாற்று, ஆசீர்வாதம் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

எடிட்டுக்கு ஏற்ற, ஆனால் ஃபைல் பெரிதாகிற ப்ரோரெஸ் ஃபார்மட் என்று போனால்தான் கதை வேறு. 4கே ப்ரோரெஸ் 422 எச்கியூ 25 ஃபிரேமில் விநாடிக்கு 92 எம்பி கேட்கும். வி90 கார்டே 90க்குத்தான் உத்தரவாதம் கொடுக்கிறது. மணிக்கு 330 ஜிபி. உன் கேமராவின் 5.8கே ப்ரோரெஸ் எஸ்டி கார்டில் ஏறவே ஏறாது, அதற்கு எஸ்எஸ்டிதான் வழி. விளம்பரப் படம், பாட்டு ஷூட்டிங் என்று வேலை வந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம். ஒரு வி90 கார்டு வாங்குகிற காசுக்கு அதைப்போலப் பல மடங்கு இடமுள்ள எஸ்எஸ்டி வந்துவிடும். பிளாக்மேஜிக் 2018இல் பாக்கெட் 4கே கேமராவை இறக்கியபோதே யுஎஸ்பி-சி துளையில் எஸ்எஸ்டியை மாட்ட வழி செய்து வைத்ததும் இந்தக் கணக்கால்தான். ஆனால் நம்ம பார்ட்டி யாராவது ப்ரோரெஸில் கல்யாணம் கேட்டிருக்கிறார்களா, சொல்லு. அவர்கள் கேட்பதெல்லாம் ட்ரோனும் ரீல்ஸும்தான்.

எனக்குப் பயம் டிரைவில் இல்லை, அந்த வயரில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முருகனுக்கே கல்யாணம் நடந்த ஊர் என்று ஒரே காலையில் எத்தனை ஜோடிகள்! போன தை மாதம் அங்கே ஒரு மண்டபத்தில் நம்மோடு சேர்ந்து எடுத்த தம்பி ஒருவன், கேமராவைச் சுற்றி மாட்டுகிற கேஜ் சட்டத்தில் எஸ்எஸ்டியை இறுக்கி, ஒரு சாண் வயரை வளைத்துச் சொருகியிருந்தான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. தாலித் தட்டு சுற்றி வந்தது. கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினார். அட்சதை போட முண்டியடித்த ஒரு பெரியம்மாவின் வளையல் வயருக்கும் கேஜுக்கும் நடுவில் மாட்டியது. கழன்றுகூட வரவில்லை, ஒரு நூல் அளவு வெளியே வந்தது, அவ்வளவுதான். திரையில் சிவப்புப் புள்ளி போய்விட்டது. அவன் குனிந்து வயரை அழுத்தி, கேமரா டிரைவைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. மேடைக்கு எதிரே இன்னொரு கேமரா கார்டில் ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரெக்கார்டிங்கை முறையாக நிறுத்தும்போதுதான் ஃபைலின் அட்டவணை எழுதி முடியும். நடுவில் அறுந்தால் 40 ஜிபி அப்படியே டிரைவில் கிடக்கும், எந்த பிளேயரிலும் திறக்காது. அன்ட்ரங்க் மாதிரி மென்பொருளில், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து மீட்டுப் பார்க்கலாம். பல நேரம் வரும். வராமலும் போகும்.

கார்டுக்குக் கதவு இருக்கிறது. மூடிவிட்டால் யார் இடித்தாலும் கழலாது. அதைவிட முக்கியம், உன் கேமராவில் கார்டுத் துளை இரண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கலாம், ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது இருக்கும். எஸ்எஸ்டியில் எழுதும்போது பெரும்பாலான கேமராக்களில் இந்த இரட்டைப் பதிவு கிடையாது. ஆகக் கடைசியில், தாலி ஏறுகிற நொடியில் அந்தக் காட்சி எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். கார்டு என்றால் இரண்டு, எஸ்எஸ்டி என்றால் ஒன்று.

சித்திரைத் திருவிழாவுக்கும் இதே பேச்சுதான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தோல் பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து பீய்ச்சுவார்களே, அந்த நீர் மேலே போய்ப் பொடியாகச் சிதறிக் கேமரா முழுக்க இறங்கும். கார்டில் எடுத்தால் எல்லா ரப்பர் மூடியையும் மூடிவிட்டு மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டால் சரி. எஸ்எஸ்டி மாட்டினால் யுஎஸ்பி மூடி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும், உறையும் சரியாக உட்காராது. அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கத்துப் புழுதிக்கும் அப்படித்தான். போதாததற்கு டிரைவ் கேமரா பேட்டரியையே குடிக்கும். அந்தத் துளையை டிரைவ் பிடித்துக்கொண்டதால் பவர் பேங்க் சொருகவும் இடமில்லை. ஆட்டம் தெரியாமல் மோட்டாரால் தாங்குகிற ஜிம்பலில் வைத்தால் டிரைவின் கனம் ஒன்றுமில்லை, வயர்தான் இழுத்து மோட்டாரைப் படுத்தும்.

எஸ்எஸ்டியையே ஒதுக்கு என்று சொல்கிறேன் என நினைக்காதே. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். பட்டிமன்றம், அரங்கேற்றம், வில்லுப்பாட்டு, பெரியவர்கள் யாரையாவது உட்கார வைத்து எடுக்கிற பேட்டி இதற்கெல்லாம் அதைவிட நிம்மதி கிடையாது. 2 டிபி டிரைவ் ஒன்றை மாட்டினால் 150 மெகாபிட்டில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். பேச்சாளர் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் 'கார்டு ஃபுல்' என்று வந்து நிற்காது. வீட்டுக்கு வந்ததும் காப்பி ஓடி முடியும்வரை தேவுடு காக்கவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் கடைசி வசதியில்தான் வினையும் இருக்கிறது. நேரே டிரைவைச் சிஸ்டத்தில் சொருகி எடிட் ஆரம்பித்துவிடலாம் என்று பெருமையாக எழுதியிருந்தாய். கார்டைத் திரும்ப ஃபார்மட் அடிக்க வேண்டுமே என்பதால் நாம் வேறு வழியில்லாமல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்தோம். டிரைவில் இடம் தாராளமாக இருப்பதால் அந்தப் பழக்கமே விட்டுப்போகிறது. ஒரே பிரதி, அதிலேயே எடிட், அதையே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பயணம். கேசட் காலத்தில் மாஸ்டர் டேப் பீரோவில் தூங்கும், யாரும் தொட மாட்டோம். நீ என்ன எடுத்தாலும் அன்று ராத்திரியே இரண்டு டிஸ்கில் காப்பி போட்டுவிடு. அப்புறம் தூங்கு.

டிரைவ் வாங்கும்போது மலிவு என்று கண்டதை எடுக்காதே. சில டிரைவுகள் முதல் கொஞ்ச ஜிபி வரை பறக்கும், உள்ளே இருக்கிற கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் விநாடிக்கு 100 எம்பிக்கும் கீழே விழுந்துவிடும். கடைக்காரர் ஒரு சின்ன ஃபைலைக் காப்பி பண்ணிக் காட்டினால் நம்பாதே. ஒரே மூச்சாக 200 ஜிபி காப்பி போட்டு, கடைசிவரை வேகம் நிற்கிறதா என்று பார். அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே எடுத்தால் டிரைவ் சூடேறியும் மந்தமாகும், நிழலில் வை. வயரும் முக்கியம். போன் சார்ஜர் வயர்கள் பல பழைய யுஎஸ்பி 2 ரகம், உருவத்தில் வித்தியாசம் தெரியாது, ஆனால் ப்ரோரெஸைத் தாங்காது. டிரைவோடு வருகிற குட்டை வயரையே வைத்துக்கொள், கேஜில் வயரைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்றையும் சேர்த்து வாங்கு. கார்டிலும் போலி ஏராளம். எந்தக் கடையில் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுக்க நிரப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போடு.

சொல்ல மறந்தேன், அக்கா மகன் ஐபோன் 15 ப்ரோவில் எஸ்எஸ்டி மாட்டிக் குறும்படம் எடுக்கிறான். 4கே 60 ஃபிரேம் ப்ரோரெஸ் அந்தப் போனில் வெளி டிரைவ் இருந்தால்தான் கிடைக்கும். டிரைவைப் போனின் முதுகில் வெல்க்ரோ வைத்து ஒட்டியிருக்கிறான். வயர் கழன்றால் கட் சொல்லித் திரும்ப எடுக்கிறான். அவனுக்கு அது சரிதான், நடிப்பவர்கள் நிற்பார்கள்.

ஆகவே இப்போதைக்கு வி60 128 ஜிபி கார்டு நான்கு வாங்கு. ஜோடி ஜோடியாகப் போட்டு எடு. எஸ்எஸ்டியை அடுத்த பட்டிமன்றத்துக்கு வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஆவணியில் உன் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தேதி போட்டு வைத்திருக்கிறாயா? போடி வரைக்கும் ரயில் வந்து வருஷங்களாகியும் நான் இன்னும் அதில் ஏறவில்லை, இந்தத் தடவை அதில்தான் வரப்போகிறேன். முந்தின நாளே வந்துவிடுகிறேன், உன் கேமராவையும் ஒரு கை பார்க்கலாம். வீட்டில் ஏலக்காய் தீர்ந்துவிட்டதாம், அரைக் கிலோ நல்லதாகப் பார்த்து எடுத்து வை. காசு வாங்க மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அப்புறம் உன் தங்கச்சி என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
பாண்டி