ஒரே வளவு, ஐந்து அடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

"ஒரே கூரைக்குக் கீழே ஐந்து அடுப்பு எரிந்திருக்கிறது, இதையா கூட்டுக் குடும்பம் என்று பெருமையடிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். மனிதன் சுயநலக்காரன்தான் என்பதற்கு நம் செட்டிநாட்டு வீட்டையே சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். சாட்சியை இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

நீ படிக்கும் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், 1784-இல் எழுதிய கட்டுரையில், மனிதனுக்கு ஒட்டியும் ஒட்டாமலும் வாழும் குணம் என்கிறார். நாலு பேரோடு இருக்கவும் வேண்டும், நாலு பேருக்கு அடங்கிப் போகவும் முடியாது. அதற்குக் காட்டு மரத்தை உவமை சொல்வார்: வெயிலுக்குப் போட்டி போடுவதால்தான் மரங்கள் நேராக உயர்கின்றன, தனியே நிற்பது கண்டபடி கிளைவிட்டுக் கோணிப்போகும். முகப்பில் நிற்கிறதே பர்மாத் தேக்குத் தூண், அதைத் தடவிப் பார். ஆள் உயரத்துக்கு மேலும் ஒரு கணு கைக்குத் தட்டுப்படாது. அடர்ந்த காட்டில் வளர்ந்த மரம் அது. 1851-இல் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் சொன்ன முள்ளம்பன்றிகளும் இதே வம்புதான். குளிருக்கு நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிரும். தோதான தூரம் கிடைக்கும்வரை அவை நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தூரத்தை நம்மவர்கள் படியளந்தே வைத்தார்கள். மகனுக்குக் கல்யாணமானால் அவனும் மனைவியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பம். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. அந்த அறைக்குப் பேரே வீடு. பிறகு வேறு வைப்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று அப்பச்சி (அப்பா) கொடுத்துவிடுவார். அதற்குள் குடித்தனம் நடத்துவது மகன், மருமகள் பொறுப்பு. பெண் வீட்டார் பெயர் வெட்டி அடுக்கடுக்காய்ப் பாத்திரம் கொடுத்ததை வெறும் பகட்டு என்று நினைக்காதே. அவள் முதல் நாளிலிருந்தே தனிச் சமையல்கட்டுக்குச் சொந்தக்காரி. மாமியார் புளியை எண்ணமாட்டார். மருமகள் எண்ணெயை ஒளிக்கமாட்டாள். சண்டை வராது என்றில்லை, சமையல்கட்டில் வராது. விசேஷ நாளில் எல்லோரும் ஒரே பந்தி.

இந்த ஏற்பாடு எங்கே இடறுகிறது என்றால், கணக்கில் வராத பொது இடத்தில். கூடல்வாயைச் சொல்கிறேன். வளவின் மூலையில் இரண்டு பக்கத்து ஓட்டுச் சரிவும் சேரும் பள்ளம் அது. இரண்டு சரிவுத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். சருகு அடைத்தால் தண்ணீர் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் ஏறும். அடியில் போட்ட தகரம் துருப்பிடிக்கும், ஓட்டைத் தாங்கும் கைமரம் ஊறும், அப்புறம் சுவரே உப்பும். கைமர முனையை ஒரு ஆணியால் குத்திப் பார். கெட்ட மரத்தில் ஆணி மெத்தென்று இறங்கும். இடப்பக்கம் அண்ணன் வீடு, வலப்பக்கம் தம்பி வீடு. மூலை யாருடையது? செட்டிநாட்டில் வீடுகள் விழத் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான் என்பது என் அபிப்பிராயம்.

மராமத்துப் பேச்சு எடுத்ததும் கணக்குச் சண்டை வரும். ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) மூன்று மகன்கள், அவர்களுக்கு முறையே 1, 3, 4 மகன்கள், அந்த மூவரும் இப்போது இல்லை, பேரன்கள் எட்டுப் பேரும் கல்யாணமானவர்கள் என்று வை. (இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களும் பங்குக்காரர்களே, கணக்குப் புரிவதற்காக விட்டிருக்கிறேன்.) செலவு 1,20,000 ரூபாய். பங்குப்படி, அதாவது மூன்று மகன்களின் கிளைக்கும் சரிசமமாகப் போட்டால், ஒற்றை மகன் 40,000 கட்ட வேண்டும், மூவரில் ஒருவர் 13,333, நால்வரில் ஒருவர் 10,000. புள்ளிப்படி போட்டால் எட்டுப் பேருக்கும் தலைக்கு 15,000. வீட்டை விற்கும்போது பங்கு பேசுகிற ஒற்றை மகன், ஓடு மாற்றும்போது புள்ளி பேசுவார். மற்ற ஏழு பேரும் அப்படியே தலைகீழ். யாரும் கெட்டவர்களில்லை, எந்த அளவுகோல் தனக்கு லாபமோ அதுவே தர்மம் என்று மனசாரத் தோன்றிவிடுகிறது. நீ சொல்லும் சுயநலம் இங்கேதான் இருக்கிறது, அடுப்பில் இல்லை.

ஆகவே அளவுகோலைச் செலவு வருமுன்பே எழுதிவைக்க வேண்டும். கட்டடம் சொத்து, அதற்குப் பங்கு. படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைப்பது, எல்லோரும் சேர்ந்து கும்பிடுவது, அதற்குப் புள்ளி. இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால் வம்பு. பணம் கட்டாதவரைத் திட்டுவதில் பலனில்லை. அவர் பெயரில் பற்று எழுதிவிட்டு வேலையை முடி, பங்கு பிரியும்போது கழித்துக்கொள்ளலாம். இதற்கு எல்லோரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடாதவர் பெயரில் எழுதிய பற்று தகராறில் முடியலாம்.

ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக்குள் ஓட்டைப் பிரித்து மேய்ந்துவிட வேண்டும். இந்த ஆடியில் நீ ஊருக்கு வரும்போது ஏணி வைத்து, வடகிழக்கு மூலைத் தகரத்தை முதலில் பார்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்