பக்கவாட்டில் திருப்பினால் மறைந்துபோகும் வள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் படங்களையும் எழுத்துகளையும் அசையவைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ் பயிற்சி குறித்து வெளியான கட்டுரையில், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில், படத்தை வைக்கும் அடுக்கான லேயரின் முப்பரிமாணப் பொத்தானை அழுத்தினாலே எந்தப் படமும் முப்பரிமாண உருவமாகிவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. பாம்பனில் பல ஆண்டுகளாகத் திருமண, திருவிழாக் காணொளிகளைத் தொகுத்துவரும் எனக்கு அந்த ஒரு வரியைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை. அதே வரியை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் கட்டணம் கட்டிப் பயிற்சியில் சேர்ந்தேன்.

2001-இல் வெளிவந்த 5-ஆம் பதிப்பில்தான் அந்த மென்பொருளுக்கு முப்பரிமாண லேயர் வந்தது. தட்டையான ஒரு படத்தை முன்னும் பின்னும் நகர்த்தவும், எந்தப் பக்கமும் சுழற்றவும் அது இடம் தருகிறது. ஆனால் படத்துக்குத் தடிப்பு வருவதில்லை. ஊர்த் திருவிழாவின் முகப்புக் காணொளிக்காக ஒரு வள்ளத்தை வரைந்து கடல்மேல் நிறுத்தி, மென்பொருளுக்குள் உள்ள கேமராவை அதைச் சுற்றிக் கொண்டுவந்தேன். கால் சுற்று முடிவதற்குள் வள்ளம் மெலிந்து மெலிந்து ஒரு கோடாகி, 90 பாகையில் காணாமலே போய்விட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர், "தம்பி, இது வள்ளமா, பாயா?" என்று கேட்டார். பயிற்சி நிலையத்தில் ஒருவரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அங்கே சொல்லித்தந்த மாற்றுவழி, அதே லேயரை அறுபது படி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பிக்சல் பின்னால் தள்ளி அடுக்குவது. நேரே பார்த்தால் தடிப்பாகத்தான் தெரியும். கேமரா பக்கவாட்டுக்கு வர வர, கட்டவிழ்ந்த அப்பளக் கட்டைப்போல ஒவ்வொரு தாளும் தனித்தனியே பிரிந்து நிற்கும்.

2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு, எழுத்துகளுக்கும் வடிவ லேயர்களுக்கும் உண்மையான தடிப்பைத் தந்தது. எக்ஸ்ட்ரூட் என்று அதைச் சொல்வோம். அப்போது அதற்கு என்விடியா நிறுவனத்தின் குறிப்பிட்ட கிராஃபிக்ஸ் கார்டுகள் தேவைப்பட்டன, இல்லையேல் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுந்தது. என் பழைய கணினியில் ஐந்து விநாடித் தலைப்பு ரெண்டர் ஆக, அதாவது இறுதிக் காணொளியாக உருவாக, ஓர் இரவு பிடித்தது, அதுவும் நடுவில் மின்சாரம் போகாதிருந்தால். மணமக்கள் பெயரைப் பொன்னெழுத்தில் சுழலவிட அந்தத் தடிப்பு தாராளமாகப் போதும். வள்ளத்துக்குப் போதாது. வரைந்த விளிம்பை அப்படியே பின்னோக்கி நீட்டுவதுதான் எக்ஸ்ட்ரூட் என்பதால், கிடைப்பது தடிமனான பலகையில் அறுத்தெடுத்த பொம்மை வள்ளம். முன்முனையான அணியம் ஒடுங்கி, நடுவயிறு அகன்று, அடிப்புறம் வளையும் உடல் அதில் வராது. அந்த உடலை, பொருளை எல்லாப் பக்கமும் உருவாக்கும் பிளெண்டர் போன்ற மாடலிங் மென்பொருளில்தான் கட்ட வேண்டும். பிளெண்டருக்கு ஒரு பைசா செலவில்லை. கட்டியதை ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாகச் சேமித்தால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் 24-ஆம் வரிசைப் பதிப்புகள் முதல் அதை நேரடியாக டைம்லைன் என்னும் காலவரிசைப் பட்டையில் வைத்து, கேமராவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். விளக்கு வைத்தால் அடிப்புறத்தில் இருளும் படியும்.

தட்டை லேயர் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வானம், தொலைவிலுள்ள தீவு, தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவர் ஆகியவற்றை அடுக்கி வைத்து, கேமராவைச் சற்றே நகர்த்தினால், பார்ப்பவர் கண்ணுக்கு ஆழம் தெரியும். ஆனால் சாலைப் பாலத்தில் பேருந்தில் போகும்போது, புதிய ரயில் பாலத்தின் தூக்கு கோபுரங்கள் நொடிக்கு நொடி வேறு வேறு முகம் காட்டுகின்றனவே, அதை ஒரு புகைப்பட லேயரை வைத்துக் காட்ட முடியாது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் தூக்குப் பகுதி மேலே எழுவதைச் சுற்றிவந்து காட்டச் சொன்னால், மாடலிங் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இம்மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து, வீட்டு நகையை அடகுவைத்து இத்தகைய பயிற்சிகளில் சேரும் பிள்ளைகளை நான் அறிவேன். எனவே, முப்பரிமாணப் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் நிலையங்களில் மாடலிங் உண்டா, லேயர் மட்டும்தானா என்பதைக் கேட்டறிந்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். சேர நினைப்போர், கட்டணம் கட்டுவதற்கு முன், அங்கு படித்தவர் செய்த ஒரு பொருளைத் திரையில் போட்டு, கேமராவை 90 பாகை திருப்பிக் காட்டச் சொல்லலாம்.

இப்படிக்கு,
காணொளித் தொகுப்பாளர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.