தம்பிக்கு, வண்டியைச் சூடாக்குவது பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறாள். சரி, அது கிடக்கட்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கனடாவில், உன் எட்மண்டனில் மைனஸ் 30 என்று எழுதியிருந்தாய். வண்டியின் முன்கிரில்லில் ஒரு வயர் தொங்குகிறதே, ராத்திரி அதைப் பிளக்கில் சொருகிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதே. அது இன்ஜினைத்தான் சூடாக்கும். கியர்பாக்ஸ் விறைத்தபடியே கிடக்கும். அந்தக் குளிரில் கியர் எண்ணெய், அசிட் ஊற்றிய ரப்பர் பால் மாதிரி தடித்துப் போகும்.

உன்னுடையது 1999 டாட்ஜ் பிக்கப். அந்தக் காலத்து டாட்ஜ் பிக்கப்பின் ஆட்டோ கியரைப் பார்க்கில் போட்டு நிறுத்தினால், இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு எண்ணெய் போகாது. எவ்வளவு நேரம் இன்ஜினை ஓடவிட்டாலும் வீண். நியூட்ரலில் போடு. பார்க்கிங் பிரேக்கை அழுத்திவிட்டு, காலையும் பிரேக்கிலேயே வை. நீ உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் நியூட்ரல். கண்ணாடியில் பனி சுரண்ட இறங்கினால் முதலில் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கு. வண்டி உருண்டு வந்தால் பிடிக்க பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சில நிமிடம் போதும், அப்புறம் மெதுவாகக் கிளம்பு. எண்ணெய் நன்றாகச் சூடாவது வண்டி ஓடும்போதுதான். முதல் சில கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காதே. எண்ணெய் சூடாகும்வரை ஓவர்டிரைவ் என்கிற மேல் கியர் விழாது, அதற்காகச் சுவிட்சை நோண்டாதே. கியர் எண்ணெய் அளவு பார்ப்பதும் ஓடிச் சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நியூட்ரலில்தான்; அதற்கு மட்டும், சமதளத்தில் பார்க்கிங் பிரேக்கை நன்றாக அழுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கலாம். மூடிய கராஜுக்குள் இன்ஜினைப் போடவே போடாதே. புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்.

செம்பனைக் குலை லோரியில் என் மடியில் உட்கார்ந்து கியர் போட்ட பிள்ளை நீ. இப்போது கடன் இல்லாமல் சொந்த வண்டி வாங்கி, அந்தக் குளிரில் ஓட்டுகிறாய். தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய தண்டல் வீட்டுக்கு நடந்து போய் படத்தைக் காட்டிவிட்டு வந்தேன். ஆனால் தீபாவளிக்குப் பிறகு உன் குரலையே கேட்கவில்லையே தம்பி. அம்மா கேட்டால் நான் என்ன சொல்வது? அதே படத்தை அவளும் பெரிதாக்கிப் பார்த்தாள். வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்தான் இருக்கிறது என்றாள். நான் வண்டியைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

கிள்ளானிலிருந்து சம்பந்தி போன் பண்ணினார். மழையைப் பற்றிப் பேசினார், வைத்துவிட்டார்.

பணம் அனுப்ப வேண்டாம், இங்கே இருக்கிறது. நல்ல கையுறை வாங்கிக்கொள். சோறு வடித்துச் சாப்பிடு, ரொட்டியோடு படுத்துவிடாதே. நியூட்ரல், மறக்காதே.

சனிக்கிழமை கூப்பிடு. இங்கே இரவு 9 மணி என்றால் உனக்கு அன்று காலை 6. வண்டி சூடாகும் நேரம்தானே, பேசலாம். மருமகளையும் பேசச் சொல். அவள் வெளியே போயிருந்தால் பரவாயில்லை, நீ மட்டும் பேசு.

அப்பா