நோம்பிக் கச்சேரி நடத்தற அண்ணன்மாருக்கும் கோயில் கமிட்டிக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு நம்ம சீமைப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கெல்லாம், அதாவது கோயில் திருவிழாவுக்கெல்லாம், மேடை போட்டுப் பாடற ஆர்கெஸ்ட்ரா அண்ணன்மாருக்கும், அவுங்களுக்கு அட்வான்ஸ் குடுத்துக் கூட்டிட்டு வர்ற கமிட்டிப் பெரியவங்களுக்கும் சோமனூர்ப் பக்கத்துல தறி ஓடற ஒரு ஊர்ல இருந்து எழுதறனுங்க. குத்தஞ் சொல்றதுக்காக எழுதறான்னு நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் குத்தமும் இருக்குதுதான், ஆனா அது கடைசில வருது.

சின்னதுல இருந்து ஒரு நோம்பிக் கச்சேரி விடாம பாக்கறவ நானு. மாவிளக்கு எடுத்து முடிச்சு, ஒறம்பரைக்குச் சோறு போட்டு அனுப்பிச்சுட்டு, பாய எடுத்துட்டுப் போய் முன்னாடி எடம் புடிச்சு உக்காந்தா மைக் புடிக்கற அண்ணன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி என்னென்ன சொல்லுவாருன்னு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. படத்து பேரு, ஹீரோ பேரு, மியூசிக் போட்டவரு, பாடுனவரு, இப்ப அத மேடைல பாடப்போற தம்பி பேரு, அந்தத் தம்பிக்கு நேத்துத் தொண்ட கட்டிருந்துச்சுங்கற வெவரம், நடுவுல சீரியல் லைட் உபயம் யாரு, நீர்மோர் உபயம் யாரு, பைக்க கோயில் வாசல்ல நிறுத்தாதீங்க, எல்லாம் வருது. பாட்டு எழுதுனவன் பேரு மட்டும் வர்றதில்ல. நானும் போன மூணு வருசமா வெரல் விட்டு எண்ணிட்டே உக்காந்திருக்கேன், கண்ணதாசன், வாலி, வைரமுத்து இவுங்க பேரு எப்பவாச்சும் வருது, மத்தவிங்க பேரு ஒருக்காகூட வர்ல.

ஆயிரம் நிலவே வா பாட்டையே எடுத்துக்குங்க. அது இல்லாத கச்சேரியே நம்மூர்ல கெடையாது. அதுக்கு முன்னாடி அந்த டைபாய்டு கதையும் கட்டாயம் உண்டு, எஸ்.பி.பி.க்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டாரு, எம்.ஜி.ஆர். வேற ஆள வச்சுப் பாடவைக்காம அவருக்காகக் காத்திருந்தாருன்னு. நல்ல கதைதானுங்க, எத்தன வாட்டி கேட்டாலும் எனக்கே கண்ணுல தண்ணி வந்துரும். ஆனா அந்தப் பாட்டை எழுதுனது புலமைப்பித்தன், நம்ம கோயமுத்தூர்க்காரருன்னு ஒரு மேடைலயாச்சும் யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? 1935ல இங்க பொறந்தவருங்க, மில்லுல வேல பாத்துட்டே தமிழ் படிச்சுப் புலவராயி, மெட்ராஸ் போயி பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்து, 1968ல குடியிருந்த கோயில் படத்துல 'நான் யார் நான் யார்'னு ஆரம்பிச்சவரு. அடுத்த வருசமே இந்த ஆயிரம் நிலவு. பின்னாடி அரசவைக் கவிஞரு, சட்ட மேலவைக்குத் துணைத் தலைவரு. 2021 செப்டம்பர்ல போய்ச் சேந்துட்டாரு, அந்த வருசமும் சரி அதுக்கடுத்த வருசமும் சரி அந்தப் பாட்டப் பாடத்தான் செஞ்சீங்க, அவரு பேரைச் சொல்லல.

இன்னொண்ணு சொல்றேன். 1975ல வந்த இதயக்கனி படத்துல 'நீங்க நல்லா இருக்கோணும்'னு ஒரு பாட்டு, எலெக்சனுக்கு எலெக்சன் லவுட் ஸ்பீக்கர்ல கேட்டிருப்பீங்க. இருக்கோணும்! இருக்கணும்னோ இருக்க வேண்டும்னோ எழுதல பாத்தீங்களா. எங்க ஆத்தா தெனமும் விபூதி வச்சுவுடறப்பச் சொல்ற வார்த்தைய அப்பிடியே தூக்கிக் கொண்டுபோயி எம்.ஜி.ஆர். படத்துல வச்சுட்டாரு. நம்ம பேச்ச சினிமால கிண்டலுக்கு மட்டுந்தான் வைப்பாங்கன்னு நாம கொறப்பட்டுக்கறோம்ல, அப்பவே ஒருத்தரு தமிழ்நாடு முழுக்கப் பாடற மாதிரி வச்சுட்டுப் போயிருக்காரு, நமக்குத்தான் அவரு யாருன்னு தெரியல. நாயகன்ல வர்ற 'தென்பாண்டிச் சீமையிலே' பாட்டும் அவரு எழுதுனதுதான். அதுவும் உங்க லிஸ்டுல இருக்குது, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கூட்டம் கொறையறப்பப் பாடுவீங்க.

அவருக்கும் முன்னாடி உடுமலை நாராயணகவி. பூளவாடில 1899ல பொறந்தவரு. சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்லாம, தீப்பெட்டி வித்துப் பொழச்சு, ஊர்ல ஆடற ஒயில் கும்மி சிக்குமேளமெல்லாம் கத்துட்டு, முத்துசாமிக் கவிராயர்கிட்டச் சேந்து நாடகத்துக்குப் போனவரு. யோசிச்சுப் பாத்தா அவரு இந்த நோம்பி மண்ணுல இருந்து போனவருதானுங்க, உங்க மேடைக்குப் பங்காளி. அப்பறம் கலைவாணர் என்.எஸ்.கே.கூடச் சேந்து ஜனங்கள சிரிக்க வச்சுட்டே சுருக்குனு குத்தற பாட்டா எழுதித் தள்ளுனாரு, பகுத்தறிவுக் கவிராயர்னே பேரு வந்துச்சு. பராசக்தின்னா நாமெல்லாம் கோர்ட்டு வசனத்தத்தான் பேசிக் காட்டறோம், அதுல காக்கா கூட்டத்தப் பாருன்னு வர்ற அந்தக் 'கா கா கா' பாட்டு அவருது. பட்டினி கெடக்கறவன் காக்காயப் பாத்துப் பாடறான், காக்காய்க்கு இருக்கற ஒட்டுறவு மனுசனுக்கு இல்லியேன்னு. பசின்னா என்னன்னு தெரிஞ்சவரு கைலதான் அப்பிடி வரும். 1981ல எறந்தாரு. உடுமலைல மணிமண்டபம் இருக்குது, கவர்மெண்டு ஸ்டாம்பும் வெளியிட்டுச்சு. ஸ்டாம்பே போட்டாச்சு, நம்ம மேடைல ஒரு வரி சொல்றதுக்கு என்னங்க.

இவுங்க மட்டுமில்ல. தடாகம் ரோட்டு கவர்மெண்டு இன்ஜினியரிங் காலேஜ் ஜி.சி.டி.ல படிச்சுட்டுக் கவிதை எழுதப் போனவங்க தாமரை, கோயமுத்தூர்க்காரங்க, 2001ல வசீகரா எழுதுனவங்க. பாட்டுக்குள்ள இங்கிலீஷ் வார்த்த போடமாட்டேன்னு புடிவாதமா நின்னே ஜெயிச்சவங்க. போன வருசம் எங்கூர்ல ஒரு காலேஜ் புள்ள அந்தப் பாட்ட அப்பிடிப் பாடுச்சு, கீழ பாட்டிமாரெல்லாம் வெத்தல போடறத நிறுத்திட்டுக் கேட்டாங்க. எழுதுனது நம்மூர்ப் பொம்பளைன்னு அந்தப் புள்ளைக்கே தெரியாது, நாந்தான் எறங்கி வந்ததும் சொன்னேன். "அப்பிடீங்ளாக்கா"ன்னு அது கண்ணு விரிஞ்சத நீங்க பாத்திருக்கோணும். அட, சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனுக்கே மொதப் பாட்டு 1949ல ஜூபிடர் படத்துக்குத்தான், அந்த ஜூபிடர்காரங்க அன்னைக்கு நம்ம சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோல படம் எடுத்துட்டு இருந்தவங்க. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ்ல சம்பளத்துக்கு உக்காந்து எழுதுன கவிஞருங்க கதையச் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சுரும்.

இனி எங்க ஊட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க அப்புச்சி, அதாவது அம்மாவப் பெத்தவரு, நாப்பது வருசம் தறி ஓட்டுனவரு. கவிதையும் எழுதுவாரு, கும்மிக்குப் பாட்டும் எழுதுவாரு. ரெண்டும் ஒண்ணுதானே அப்புச்சின்னு கேட்டேன் ஒருக்கா. "கவிதைங்கறது எங்காட்டுல நான் நடக்கறது அம்மிணி, பாட்டுங்கறது அடுத்தவன் போட்ட வரப்புல தடுமாறாம நடக்கறது"ன்னாரு. மெட்டு எங்க இழுக்குதோ அங்க நெடில் எழுத்து வந்து விழுகோணுமாம், அந்த எடத்துல ஒரு 'ட்'டோ 'க்'கோ வந்து நின்னுச்சுன்னா பாடறவன் தொண்ட அடச்சுப்போகுமாம். "ஆயிரம் நிலவே வா-ன்னு அந்த வா-வுல எத்தன நேரம் நிக்கறான் பாரு, எழுதுனவன் அங்க நிக்க எடம் உட்டிருக்கான்"னு சொல்லுவாரு. தறில நாடா அக்கட்டயும் இக்கட்டயும் ஓடற சத்தத்துக்குள்ளயே தன்னானே தானேனன்னு முணுமுணுத்துட்டு, தோணற வரியப் பாவு நூல் பில்லுக்குப் பின்னாடி எழுதி வேட்டி மடிப்புல சொருகிக்குவாரு. அம்மிச்சி அத எடுக்காமலே தொவச்சுப் போட்டு எத்தன பாட்டு தண்ணியோட போச்சோ.

இப்பத்தான் முருகன் வள்ளி கதையப் பாடி ஆடற வள்ளிக் கும்மிக்கு மவுசு வந்திருச்சே, மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் அய்யாவுக்கு 2024ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க, ஊருக்கு ஊரு நூத்துக்கணக்குல புள்ளைங்க பச்சச் சேல கட்டீட்டு ஆடறாங்க, நெம்ப சந்தோசம். எங்கூர் நோம்பிலயும் போன வருசம் கும்மி அரங்கேத்தம் வச்சாங்க. ரெண்டாவதா ஆடுனது அப்புச்சி பாட்டு, இருவது வருசத்துக்கு முன்னாடி எழுதுனது. மைக்குல என்ன சொன்னாங்க தெரியுமா? "அடுத்து வருவது நம் முன்னோர்கள் வாய்வழியாகப் பாடி வந்த, எழுதியவர் பெயர் அறியாத பழம்பாடல்." அந்தப் பேரறியாத முன்னோர் முன் வரிசைல பிளாஸ்டிக் சேர்ல, கண்ணு ஆப்பரேசன் பண்ணுன கருப்புக் கண்ணாடியோட, பொரி தின்னுட்டு உக்காந்திருக்காரு!

எனக்கு வந்த கோவத்துக்கு எந்திரிச்சு மேடைக்கே போயிருப்பேன், அம்மாதான் சேலையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுச்சு. அப்புச்சி ஒண்ணுமே பேசல. ஊட்டுக்கு வந்து சோத்துல கை வச்சதுக்கப்பறந்தான், "ஏன் அம்மிணி, மூணாவது சரணத்துல 'தெனைப்புனம்'னு இருந்தத 'திணைவனம்'னு மாத்திட்டானுகளே, கவனிச்சியா"ன்னாரு. அப்பறம் கொஞ்ச நேரங் கழிச்சு, "கடைசிச் சரணத்தையும் வெட்டிப்போட்டானுக"ன்னாரு. கும்மிப் பாட்டு எழுதறவங்க தம்பேரையும் ஊரு பேரையும் கடைசி அடில வைக்கறது வழக்கமுங்க, முத்திரைன்னு சொல்லுவாங்க. அப்புச்சி பேரும் அங்கதான் இருந்துச்சு. டைம் இல்லைன்னு அதத்தான் வெட்டிருக்காங்க.

எதையும் வேணும்னே செய்யலைன்னு எனக்குத் தெரியுமுங்க. லிஸ்டு நீளம், பத்து மணிக்கு மேல போலீஸ்காரரு வந்து நிப்பாரு, ஜனங்க குத்துப் பாட்டு கேட்டுக் கத்துவாங்க. பேரு சொன்னா காசு கேப்பாங்களோன்னு ஒரு கமிட்டி மாமா சந்தேகமாக் கேட்டாரு. சாமி சடங்குல பாடறதுக்குச் சட்டத்துலயே வெலக்கு இருக்குதுங்க மாமா, கச்சேரிக்கு அது பொருந்துமாங்கறது வேற கணக்கு. ஆனா எழுதுனது நாந்தான்னு சொல்லிக்கற உரிமை இருக்குதே, பாட்ட வித்துட்டாலும் அது எழுதுனவன விட்டுப் போகாதுன்னு அதே காப்பிரைட் சட்டம் 57ஆவது பிரிவுல போட்டிருக்குது. சினிமாப் பாட்டுக்கு ராயல்டில பங்கு எழுதுனவங்களுக்கும் உண்டுன்னு 2012லதான் சட்டத்தத் திருத்துனாங்க, அதுக்கே அத்தன வருசம் மல்லுக்கட்டிருக்காங்க. நான் பத்துப் பைசா கேக்கல, பேரச் சொல்லச் சொல்லித்தான் கேக்கறேன். 'பாடல் புலமைப்பித்தன்'. நீர்மோர் உபயத்துக்கு ஆகற நேரத்துல பாதிகூட ஆகாது.

யாரு எழுதுனதுன்னு தேடறதுக்கு நேரமில்லைன்னு சொல்லுவீங்க. சரி, நோம்பி தொடங்கற பூச்சாட்டுக்கு முன்னாடியே பாட்டு லிஸ்டு ரெடி பண்ணிருவீங்கல்ல, அத எனக்கு வாட்ஸப்ல போட்டு விடுங்க, கமிட்டில நம்பர் இருக்குது, ராத்திரியே ஒக்காந்து ஒவ்வொரு பாட்டுக்கு நேராவும் எழுதுனவங்க பேரு, நம்ம பக்கத்து ஆளா இருந்தா ஊரு பேரும் போட்டுத் திருப்பி அனுப்பறேன். தெரியாததுக்குத் தெரியலைன்னே எழுதறேன், பேரறியாத முன்னோர்னு மட்டும் எழுதமாட்டேன்.

அப்பறம் அந்தக் கும்மிப் பாட்ட இந்த வருசமும் ஆடறதா இருந்தா கடைசிச் சரணத்த வெட்டாதீங்க. ஒன்றரை நிமிசந்தானுங்க ஆகுது, அப்புச்சியப் பாடச் சொல்லி போன்ல டைம் வச்சே பாத்துட்டேன்.