வலி நின்றுவிட்டது என்றாயே

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் "பல்வலி தானா நின்னுடுச்சும்மா, ஐஸ் தண்ணி குடிச்சாக்கூட ஒண்ணும் தெரியல" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ சந்தோஷமாகச் சொன்னாய், எனக்கோ வயிற்றைக் கலக்கியது. போனில் விளக்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பல்லின் மேலே இருக்கும் எனாமலுக்கு நரம்பே கிடையாது. அதற்கு அடியில் உள்ள டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். சொத்தை எனாமலை அரித்து அதுவரை போய்விட்டால், குளிர்ந்தது பட்டதும் அந்தத் திரவம் சட்டென்று நகரும். உள்ளே பற்கூழில், அதாவது பல்லின் நடுவே உள்ள மென்மையான சதையில், இருக்கும் நரம்பு நுனிகள் அந்த அசைவைத்தான் உணர்கின்றன. முதலில் உனக்கு ஐஸ்கிரீமுக்குச் சுருக்கென்று இழுத்துவிட்டுப் போனதே, அது வேகமான நரம்பிழைகளின் வேலை. அப்புறம் மூன்று ராத்திரி விண்விண்ணென்று தெறித்ததே, அது வேறு. அதைக் கொண்டுபோவது சி இழைகள் என்ற மெதுவான நரம்பிழைகள், அவற்றில் சேதி நொடிக்குச் சுமார் 2 மீட்டருக்கு மேல் ஓடாது. பற்கூழ் வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடி அழுத்தமும் ஏறும். தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன் என்றாயே, அதனால்தான்.

கீழ்ப்பல்லின் சேதி வேர் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியே வெளியேறி, தாடை எலும்புக்குள் ஓடும் கால்வாயில் பின்னோக்கிப் போகும். மேல்பல்லுக்கு வேறு கிளை. இரண்டும் மண்டையோட்டின் அடியில் முக்கிளை நரம்பின் முடிச்சில் சேர்ந்து மூளைத்தண்டுக்குள் நுழைகின்றன. அங்கே மேல்தாடைச் சேதியும் கீழ்த்தாடைச் சேதியும் பல சமயம் ஒரே நரம்பணுவில் வந்து விழும். பிறகு எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையின் நடுவே சேதிகளைக் கைமாற்றிவிடும் தலாமஸ் வழியாகப் பெருமூளைக்கு. நீ மேலே கிராம்பு வைத்தாய், கீழே வைத்தாய், எது வலிக்கிறது என்று கடைசி வரை சொல்ல முடியவில்லையே, மூளைக்கே அது தெளிவாகத் தெரியவில்லை.

ஆனால் சோற்றில் பொடிக்கல் கடிபட்டால் எந்தப் பல் என்று உடனே தெரிகிறதல்லவா? அந்த உணர்வு பற்கூழிலிருந்து வருவதில்லை, வேரைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்.

இப்போது உன் பல்லுக்கு வருகிறேன். அவ்வளவு வலி, மருந்து ஏதும் இல்லாமல், ஒரே ராத்திரியில் நின்று, குளிர்ச்சியும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பற்கூழ் செத்திருக்கும். சேதி சொல்ல உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமி அப்படியே இருக்கும். அது மெல்ல வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குப் போகும். சவ்வைத் தொட்ட பிறகுதான் கடிக்கும்போது வலிக்கும், அப்போது எந்தப் பல் என்று துல்லியமாகத் தெரியும்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கு நடந்தது இதுதான். வலி போய்விட்டது என்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பதினொன்றாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தவள் நான், தெரிந்தும் போகவில்லை. ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. நீ பயந்து அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? ரூட் கேனால் செய்து காப்பாற்றியிருக்க வேண்டிய கடவாய்ப்பல்லைப் பிடுங்கும்படி ஆயிற்று. இன்றும் முறுக்கு என்றால் வலப்பக்கம்தான் மெல்கிறேன்.

சனிக்கிழமை லீவுதானே, போய்விட்டு வா. முதலில் ஐஸ் தண்ணீருக்குக் கூசியது, பிறகு ராத்திரி வலி, இப்போது குளிரே தெரியவில்லை என்று இதே வரிசையில் டாக்டரிடம் சொல். அவருக்கு அதுவே பாதி பரிசோதனை. எக்ஸ்ரே எடுப்பார். அதற்குள் கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ சனிக்கிழமை வரை காத்திருக்காதே, அன்றைக்கே போ.

எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா