கூரையைத் திறந்து வையுங்கள்: டெக்சஸ் ரேஞ்சர்ஸ் நிர்வாகத்துக்கும் ஆர்லிங்டன் நகர மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகத்தாருக்கும் ஆர்லிங்டன் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அணியின் புதிய மைதானமான, திறந்து மூடும் கூரை கொண்ட குளோப் லைஃப் ஃபீல்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். வட டெக்சஸில் ஜூலை, ஆகஸ்ட் வந்தால் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். பழைய மைதானத்தில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்குப் போனாலும் நாற்காலி சுடும். மதுரை வெயிலில் வளர்ந்த என் அம்மாவே பாதி ஆட்டத்தில் எழுந்து நிழல் தேடிப் போய்விடுவார். புதிய மைதானத்தில் அவர் கடைசிப் பந்து வரை உட்கார்ந்து பார்க்கிறார். எந்த எண் சட்டை யாருடையது என்று பேரப்பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்லித் தருகிறார். கைக்குழந்தையோடு வருகிறவர்கள், வயதானவர்கள், வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கூரையும் குளிர்ந்த காற்றும் பெரிய உதவி. மழையால் ஆட்டம் தள்ளிப்போவதும் இல்லை. கூரையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

ஆனாலும் அந்த வளாகத்துக்குப் போகும்போதெல்லாம் என் கண் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது. அங்கே பழைய மைதானம் இன்னும் இருக்கிறது.

1994-ல் திறந்த கட்டடம் அது. சிவப்புச் செங்கல், கிரானைட், வெளிச்சுவரில் நீள்கொம்பு மாட்டின் தலைகள், டெக்சஸின் ஒற்றை நட்சத்திரங்கள். பார்த்த மாத்திரத்தில் இது எந்த ஊர் என்று தெரிந்துவிடும். உள்ளே, மைய வேலிக்குப் பின்னால் ஒரு புல்மேடு. ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி, அங்கே போய் விழுந்தால் பையன்கள் சுவரைத் தாண்டிக் குதித்து, சரிவில் உருண்டு, பந்துக்காக முட்டிக்கொள்வார்கள். சில நாள் ஆட்டத்தை விட அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வலப்பக்கம் வீசும் காற்று சில பந்துகளை வேலிக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும், பந்து வீசியவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த மைதானத்தின் முதல் ஆண்டிலேயே, ஜூலை 28 அன்று, நம் பந்து வீச்சாளர் கென்னி ராஜர்ஸ் எதிரணியில் அடிக்க வந்தவர்களை 27 தடவையும் வரிசையாக வெளியேற்றினார். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. பெர்ஃபெக்ட் கேம் என்பார்களே, அது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ரஸ்டி கிரியர் பாய்ந்து பிடித்த பந்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். நான் யூ.டி. ஆர்லிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. எனக்குக் கிடைத்தது 2010 அக்டோபர். முன்பு ரேஞ்சர்ஸில் ஆடிவிட்டு நியூயார்க் யாங்கீஸுக்குப் போன அலெக்ஸ் ரோட்ரிகஸை நம் பந்து வீச்சாளர் நெஃப்டாலி ஃபெலிஸ் ஸ்டிரைக் அவுட் செய்தார், அணி முதல் தடவையாக உலகத் தொடருக்கு, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடருக்குப் போனது. 2017-ல் ஏட்ரியன் பெல்ட்ரே தன் 3,000-வது ஹிட்டை (பேஸுக்குப் போய்ச் சேர வைக்கும் அடியை) அடித்ததும் அங்கேதான்.

இப்படிப்பட்ட கட்டடம் 26 சீசன்தான் ஓடியது. என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடம் இதுதான். பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912-லிருந்து இருக்கிறது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914-லிருந்து. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம் 1962-ல் திறந்தது. மூன்றிலும் இன்றும் ஆட்டம் நடக்கிறது. நம் மைதானத்தில் எதுவும் இடிந்து விழவில்லை. கட்டுவதற்காக 1991-ல் மக்கள் ஒப்புக்கொண்ட, டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியில் கடனைக்கூடக் குறித்த காலத்துக்கு முன்பே அடைத்தாயிற்று. வெயில் ஒன்றுதான் குறை. சரி, பெரிய குறைதான். ஆனால் டெக்சஸில் வெயில் அடிக்கும் என்பது 1994-க்கு முன்பும் எல்லோருக்கும் தெரியும். 1972-ல் வாஷிங்டனிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள் முதல் இந்த அணி அதே வெயிலில்தான் ஆடியது. கூரையைப் பற்றி யோசித்திருக்க வேண்டியது அந்தக் கட்டடத்தைக் கட்டிய காலத்தில்தான். அன்று யோசிக்காமல் விட்டதற்கான செலவை அடுத்த தலைமுறை வரி கட்டுகிறவர்கள் சுமக்கிறார்கள்.

2016 நவம்பரில் புதிய மைதானத்துக்காக நீங்கள் மீண்டும் மக்களிடம் வந்தீர்கள். நகரத்தின் பங்கு 50 கோடி டாலர் வரை என்றீர்கள். அரை சென்ட் விற்பனை வரியும், விடுதி அறை வரியும், வாடகைக் கார் வரியும் தொடரும் என்றீர்கள். ஏறத்தாழ 60 சதவீதம் பேர் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். அன்று எனக்கு ஓட்டுரிமை இல்லை. ஆனால் இந்த ஊர்க் கடைகளில் நான் வாங்கும் செருப்பிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி வரை அந்த வரி இருக்கிறது. அதனால் கேட்கும் உரிமை எனக்கும் உண்டு என்று நினைக்கிறேன். ஓட்டை நான் குறை சொல்லவில்லை, மக்கள் தெரிந்தேதான் போட்டார்கள். அணி டல்லாஸ் பக்கம் போய்விடுமோ என்ற பயம் அந்த ஓட்டில் எவ்வளவு கலந்திருந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

புதிய கட்டடம் வெளியிலிருந்து எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கூரையை மூடிவிட்டால் பெரிய சரக்குக் கிடங்கு மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் கொஞ்சம் சமாதானம் ஆகிவிடுகிறேன். மேல் அடுக்கில் உட்கார்ந்தாலும் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. பந்தை அடிக்கும் இடத்திலிருந்து வேலிக்கு உள்ள தூரங்களிலேயே நம் ஆட்களின் சட்டை எண்களை வைத்த யோசனைக்கு ஒரு சபாஷ்: இடக்கோடியில் 329 அடி, பெல்ட்ரேயின் 29. மையத்தில் 407, ஐவான் ரோட்ரிகஸின் 7. வலக்கோடியில் 326, மறைந்த மேலாளர் ஜானி ஓட்ஸின் 26. இதை யோசித்தவர் உண்மையான ரசிகராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே மைதானத்தில் தரை செயற்கைப் புல். காற்றில்லை, புல் வாசனை இல்லை.

முதல் சில ஆண்டுகளில் அந்த இடம் நம் வீடாகவே தோன்றவில்லை. 2020 ஜூலையில் பெருந்தொற்றுக்கு நடுவே, ஒரு ரசிகர்கூட இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் முதல் ஆட்டம். அந்த ஆண்டு உலகத் தொடரே இங்கே நடந்தது, கோப்பையைத் தூக்கியவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 2021-ல் எதிரணிப் பந்து வீச்சாளர் ஜோ மஸ்குரோவ் வந்து நம் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். அடுத்த மாதமே கோரி குளூபரும் அதையே செய்தார். 2022-ல் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் அந்த சீசனில் தன் 62-வது ஹோம் ரன்னை அடித்து, நம் அணியும் ஆடும் அமெரிக்கன் லீக்கின் சாதனையை இங்கேதான் முறியடித்தார். நம் வரிப்பணத்தில் கட்டிய இடத்தில் நடந்த பெரிய சம்பவம் ஒவ்வொன்றும் அடுத்த ஊர்க்காரர்களுடையதாக இருந்தது. அது எனக்கு வலித்தது.

2023 அக்டோபர் 27 இரவுதான் அதை மாற்றியது. உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறோம். கோரி சீகர் அடித்த பந்து வலப்பக்க இருக்கைகளில் போய் விழுந்தது, ஆட்டம் 5-5. பதினோராவது இன்னிங்ஸில் அடோலிஸ் கார்சியா இன்னொன்றை வெளியே அனுப்பி ஆட்டத்தை முடித்தார். அந்தச் சத்தம் கூரைக்குக் கீழே சுழன்று சுழன்று வந்தது. திறந்தவெளியில் அப்படி ஒரு சத்தம் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து அந்த இடம் எனக்கும் சொந்தம். அந்தத் தொடரை ஜெயித்து, அணியின் வரலாற்றில் முதல் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்றுகள்) முழுவதும் நாம் வெளியூரில் 11 ஆட்டம் ஆடி 11-லும் ஜெயித்தோம், சொந்த மைதானத்தில் ஆறு ஆடி இரண்டில்தான் ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கியதும் எதிரணியின் ஊரான ஃபீனிக்ஸில்தான். இந்த மைதானத்தில் அதைத் தூக்கிப் பார்க்கும் நாள் இனிமேல்தான் வர வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

திறக்கவும் மூடவும் முடிந்த கூரைக்காகத்தான் இத்தனை பணம் கொட்டினோம். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் அது மூடியே கிடக்கிறது. ஆகஸ்டில் மூடுங்கள், இடி மின்னல் வந்தால் மூடுங்கள். ஏப்ரலிலும், மே மாத முன்பாதியிலும், செப்டம்பர் கடைசியிலும் டெக்சஸ் மாலை எவ்வளவு அழகாக இருக்கும் என்று இந்த ஊரிலேயே இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாலைகளில் திறப்பதை வழக்கமாக்குங்கள். எத்தனை டிகிரி வரை திறப்பீர்கள் என்பதை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். முந்தைய நாளே அறிவித்தால், வானத்தின் கீழ் ஆட்டம் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கேற்பச் சீட்டு வாங்குவார்கள்.

நகர மன்றத்தாருக்குத் தனியாக ஒன்று. பழைய மைதானத்தை இடிக்காமல், கால்பந்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் மாற்றி, சாக்டா ஸ்டேடியம் என்று பெயர் வைத்தீர்கள். நல்ல காரியம். பக்கத்து ஊரான கிராண்ட் பிரெயரியிலும் காலியாகிவிட்ட ஒரு பேஸ்பால் மைதானத்தைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினார்கள், அங்கே டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும்போது மஞ்சள் சட்டையில் பாதித் தமிழ்க்கூட்டம் இருக்கும். நம் செங்கல் கட்டடத்தையும் அப்படி உயிரோடு வைத்திருங்கள். வருமானம் குறைந்தது என்று சொல்லி ஒரு நாள் அதைக் கார் நிறுத்துமிடமாக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, புதிய ஒப்பந்தப்படி அணி 2054 வரை ஆர்லிங்டனில் இருக்க வேண்டும். அதுவரை இன்னொரு மைதானம் வேண்டும் என்று மக்களிடம் வர மாட்டோம் என்று இரு தரப்பும் சேர்ந்து இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். என் பிள்ளைகள் இங்கேதான் வளர்கிறார்கள். அடுத்த ஓட்டுச் சீட்டு வந்தால் அது அவர்கள் கைக்குத்தான் வரும்.

அன்புடன்,
ஆர்லிங்டனிலிருந்து ஒரு ரேஞ்சர்ஸ் ரசிகன்