பெட்டியில் அச்சிடுங்கள், பழுதுச் செலவை!

ஆசிரியர் அவர்களுக்கு,

லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் போனின் பெட்டியில் சார்ஜர் இருப்பதில்லை. 2020-இல் ஐபோன் 12-உடன் ஆப்பிள் தொடங்கிவைத்தது. சில மாதங்களில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21-இல் அதையே செய்தது. சுற்றுச்சூழல் அக்கறையாம்! அதே சார்ஜர் தனிப் பெட்டியில், தனி விலையில் கடையில் கிடைக்கிறது. பிரேசில் அரசு இதை ஏற்கவில்லை. 2022-இல் அபராதம் விதித்து, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனைக்கே தடை போட்டது.

சார்ஜராவது சில ஆயிரத்தோடு முடிகிறது. பழுதுச் செலவுதான் கண்ணைக் கட்டுகிறது. என் போனின் திரை விரிசல் விட்டபோது சேவை மையம் சொன்ன தொகைக்கு நல்லதொரு புதிய போனே வாங்கலாம். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பக்கத்துக் கடையில் மாற்றலாம் என்றால், சில போன்கள் 'அறியப்படாத பாகம்' என்று திரையிலேயே காட்டிக்கொடுக்கின்றன. நம் பணத்தில் வாங்கிய பொருள், விசுவாசம் என்னவோ கம்பெனிக்கு.

ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரிபாகங்கள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் மத்திய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியதோடு சரி. விதிகள் வரும்போது வரட்டும். முதலில் திரை, பேட்டரி மாற்றும் கட்டணத்தை எம்ஆர்பி-க்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லி உத்தரவிடலாமே.

- வாசகர், திருச்சி